வெபர் ஸ்மோக்கி மவுண்டன் 18 அங்குலம்: பன்றி விலா போடுபவர்களுக்கான மதிப்புரை

பன்றி விலாவை வீட்டிலேயே புகையில் வேகவைக்க ஒரே ஒரு கருவி வாங்குவதாக இருந்தால், வெபரின் 18 அங்குல ஸ்மோக்கி மவுண்டனைத் தயங்காமல் வாங்கலாம். மின்சாரம் வேண்டாம். விசிறி வேண்டாம். கரியைப் போட்டுக் காற்றை ஒருமுறை சரிப்படுத்திவிட்டால் ஐந்தாறு மணி நேரம் தன் பாட்டுக்கு ஒரே சூட்டில் நிற்கும். ஆனால் இதைப் பற்றிப் பேசும்போது பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இதன் கம்பித்தட்டு வட்டம். விலாப் பாளமோ, அதாவது எலும்புகள் வரிசையாகச் சேர்ந்த முழுத் துண்டோ, நீளம். கடையில் வாங்கிய பாளத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் இரண்டு முனையும் விளிம்பைத் தொடும், தொட்ட இடம் கருகும். கறியை எப்படி வெட்டித் தயார் செய்வது என்பதைச் சொல்லாமல் இந்த ஸ்மோக்கரை மதிப்பிடுவதில் பயனில்லை. அதனால் இந்த மதிப்புரையில் பாதி ஸ்மோக்கரைப் பற்றியது, பாதி கத்தியைப் பற்றியது.

முதலில் கருவி. 1981-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, அடிப்படை வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. இட்லிக் கொப்பரையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை: அடியில் நெருப்பு, நடுவில் தண்ணீர், மேலே தட்டு, அதன்மேல் மூடி. மூன்று துண்டுகளாகப் பிரியும். அடிக்கிண்ணத்தில் கரி வளையமும் மூன்று காற்றுத் துளைகளும், நடு உருளையில் தண்ணீர்ச் சட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கம்பித்தட்டுகளும், குவிந்த மூடியில் ஒரு காற்றுத் துளையும் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கும். எஃகின்மேல் கனமான எனாமல் பூச்சு, துரு அண்டாது. உருளையின் பக்கத்தில் சின்ன அலுமினியக் கதவு ஒன்று உண்டு. அது கரியும் விறகுத் துண்டும் தண்ணீரும் சேர்ப்பதற்கு மட்டும்தான். கறியை எடுக்கவோ வைக்கவோ மேல் மூடியைத்தான் திறக்க வேண்டும்.

14, 18, 22 அங்குலம் என்று மூன்று அளவில் வருகிறது. 14 அங்குலம் விலாவுக்குச் சரிப்படாது. எந்தப் பாளத்தையும் இரண்டாக வெட்டினால்தான் உள்ளே போகும். 22 அங்குலத்தில் முழுப் பாளங்கள் தாராளமாகப் படுத்துக் கிடக்கும். ஆனால் அது கரியை விழுங்கும், இரண்டே பாளத்துக்காக அதைப் பற்றவைப்பது வீண்செலவு. நான்கைந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு 18 போதும். மாதம் ஒருமுறையாவது இருபது பேருக்குச் சமைப்பவர்கள் மட்டும் 22 பக்கம் போகலாம்.

இனி கறி. அமெரிக்கக் கடைகளில் பன்றி விலா பெரும்பாலும் மூன்று விதமாகக் கிடைக்கும். முதுகெலும்பை ஒட்டிய மேல்பகுதி பேபி பேக்: வளைவு அதிகம், எலும்பு குட்டை, கொழுப்பு குறைவு, பாளம் ஒரு கிலோவுக்குள் இருக்கும். அதற்குக் கீழே வயிற்றுப் பக்கம் வருவது ஸ்பேர் ரிப்ஸ்: தட்டையான நீள எலும்பு, கொழுப்பு அதிகம், கீழ்விளிம்பில் நெஞ்செலும்பும் குருத்தெலும்பும் ஒட்டியிருக்கும். அந்த நெஞ்செலும்பையும் குருத்தெலும்பையும் வெட்டி நீக்கிச் செவ்வகமாக்கினால் அதுவே செயின்ட் லூயிஸ் கட். பேபி பேக் என்பது பன்றிக்குட்டியின் விலா அல்ல; குட்டையான எலும்பு என்பதால் வந்த பெயர் அது.

இந்த ஸ்மோக்கருக்கு ஏற்றது செயின்ட் லூயிஸ் கட்தான். தட்டையாக இருப்பதால் முழுப் பாளமும் ஒரே சமயத்தில் வேகும். கொழுப்பு கூடுதலாக இருப்பதால் மெதுவான சூட்டில் காயாது. பேபி பேக் வளைந்திருக்கும். நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். மேட்டுச் சதை மூடிப் பக்கமிருக்கும் சூட்டை அதிகம் வாங்கி, கொழுப்பும் குறைவு என்பதால் சீக்கிரம் வறண்டுவிடும். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர்களுக்கு அது தவறைப் பொறுக்காத கறி.

வெட்டித் தயாராக விற்கும் செயின்ட் லூயிஸ் பாளத்தை வாங்குவதா, முழு ஸ்பேர் ரிப்ஸை வாங்கி வீட்டில் வெட்டுவதா? வீட்டில் வெட்டுவதே மேல். முழுப் பாளம் பொதுவாகக் கிலோவுக்கு விலை குறைவு. வெட்டி எடுக்கும் குருத்தெலும்புத் துண்டுகளும் வீணாவதில்லை, அவையே தனிப் பதார்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாளத்தின் நீளத்தை நம் தட்டுக்கு ஏற்ப நாமே தீர்மானிக்கலாம். 18 அங்குலத் தட்டின் குறுக்களவு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். முழு ஸ்பேர் ரிப்ஸ் பல சமயம் அதைத் தாண்டும்.

வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதல் பார்வை சதை மட்டத்தில்: ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை காகிதம் மாதிரியும் இருக்கும் பாளம் ஒரே நேரத்தில் வேகாது. அடுத்து, மேற்பரப்பில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்க்கவும். கசாப்புக்காரர் சதையை எலும்புவரை சீவிவிட்டார் என்று அர்த்தம். வேகும்போது அந்த எலும்பு தானாகக் கழன்று விழும். மூன்றாவது, பலரும் படிக்காமல் விடும் சின்ன எழுத்து. உப்புக் கரைசல் சேர்த்தது, இத்தனை சதவீதம் வரை என்று போட்டிருந்தால் தண்ணீரும் உப்பும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கின்றன. அதற்குமேல் நாமும் வழக்கமான அளவு உப்புத் தூவினால் கறி வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும், பதமும் ஹாம் எனும் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி மாதிரி இறுகிவிடும். முடிந்தால் அதைத் தவிர்க்கவும். கிடைப்பது அதுதான் என்றால் உப்பை அடியோடு விட்டுவிடவும். காற்று நீக்கிய உறையைப் பிரித்ததும் ஒரு மந்தமான வாடை வருவது இயல்புதான். கழுவித் துடைத்துச் சில நிமிடம் காற்றில் வைத்தால் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் கறி கெட்டிருக்கிறது, சமைக்கக் கூடாது.

வெட்டும் வேலைக்கு ஒரு கூரான கத்தி போதும், வெட்டுக்கத்தி வேண்டாம். பாளத்தை எலும்புப் பக்கம் மேலே இருக்குமாறு பலகையில் போடவும். உள்பக்கத்தில் குறுக்கே ஒரு சதைப்பட்டை தொங்கும். அது உதரவிதானத்தின் மிச்சம். கத்தியைப் படுக்கவைத்து அதைப் பாளத்தோடு ஒட்டச் சீவி எடுத்துவிடவும். விட்டுவைத்தால் அடியில் உள்ள சவ்வை உரிக்க முடியாது, வேகும்போதும் அந்தப் பட்டை முதலில் காய்ந்து தோலாகிவிடும்.

அடுத்தது முக்கியமான வெட்டு. விலா எலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் தேட வேண்டும். பாளத்தின் அகலமான பக்கத்தில் மிக நீளமான எலும்பை அழுத்திக்கொண்டே கீழ்விளிம்பை நோக்கிப் போனால், கடினம் முடிந்து சற்றே நெகிழும் ஒரு மூட்டு தட்டுப்படும். அங்கே கத்தி நுனியால் ஒரு அடையாளம் போடவும். அந்தப் புள்ளியிலிருந்து மேல்விளிம்புக்கு இணையாக, பாளத்தின் முழு நீளத்துக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டில் அழுத்தி வெட்டினால் கத்தி மூட்டுகளின் ஊடே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது கடகடவென்று தட்டினால் எலும்பில் ஏறிவிட்டோம் என்று பொருள். பலத்தைக் கூட்டாமல் அரை சென்டிமீட்டர் கீழே, குருத்தெலும்புப் பக்கமாக இறங்கினால் மறுபடி வழி கிடைக்கும். பலத்தால் அறுக்கப் போனால் எலும்புச் சில்லு கறிக்குள் தங்கும், கையும் வெட்டுப்படும்.

இப்போது பாளம் ஏறக்குறைய செவ்வகம். ஆனால் ஒரு முனை கூர்ந்து, சின்னச் சின்ன எலும்புகளோடு மெலிந்திருக்கும். இங்கேதான் ஸ்மோக்கரின் வட்டம் கணக்கில் வருகிறது. தண்ணீர்ச் சட்டி கம்பித்தட்டைவிடச் சிறியது. நெருப்பின் சூடு சட்டியில் மோதிப் பக்கவாட்டில் பிரிந்து, உருளைச் சுவரை ஒட்டி மேலே ஏறுகிறது. தட்டின் நடுப்பகுதி சட்டியின் நிழலில் சாந்தமாக இருக்கும். வெளிவிளிம்பில் ஒரு சூட்டு வளையம் இருக்கும். பாளத்தின் மெலிந்த முனை அந்த வளையத்துக்குள் போனால் இரண்டு மணி நேரத்தில் கரியாகிவிடும். கடைசி ஒன்றிரண்டு எலும்பை வெட்டி எடுத்து, பாளத்தை 38 அல்லது 40 சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். வெட்டிய துண்டு தனியாக வேகட்டும்.

இரண்டு பாளங்களைத் தட்டின் நடுவில் பக்கம் பக்கமாக வைக்கலாம். மூன்றாவது வேண்டுமானால் சரிபாதியாக வெட்டிக் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது. பாளத்தைச் சுருட்டிக் குச்சி குத்தி நிறுத்துவது, கம்பிச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்துவது என்று வேறு வழிகளும் உண்டு. இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் சுருட்டினால் உள்சுற்றுக்குப் புகை சரியாகப் போகாது. செங்குத்தாக நிறுத்தினால் மேல்விளிம்பு ஒரு சூடு, கீழ்விளிம்பு ஒரு சூடு. பாதியாக வெட்டிப் படுக்கவைப்பதே இவற்றில் மேல். வெட்டியதால் சாறு ஓடிவிடும் என்ற பயம் வேண்டாம். கூடுதலாக இரண்டு வெட்டுமுகம் கிடைக்கிறது, அங்கேயும் மொறுமொறுப்பான மேற்பூச்சு பிடிக்கும்.

சவ்வை உரிப்பதைப் பலர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் அது கட்டாயம். எலும்புப் பக்கம் முழுவதும் பளபளவென்று ஒட்டியிருக்கும் அந்தத் தோல் எத்தனை மணி நேரம் வெந்தாலும் கரையாது. பிளாஸ்டிக் மாதிரி இறுகும். உப்பும் மசாலாவும் அந்தப் பக்கம் இறங்காது. உரிக்கும் முறைதான் பலருக்குக் கைவருவதில்லை. விளிம்பிலிருந்து தொடங்கினால் கிழியும். குறுகலான முனையிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது எலும்பின் நட்டநடுவில், மழுங்கிய வெண்ணெய்க் கத்தியையோ கரண்டிக் காம்பையோ சவ்வுக்கும் எலும்புக்கும் இடையில் நுழைக்கவும். மெல்ல நெம்பினால் கூடாரம் மாதிரி எழும். விரல் நுழையும் அளவு இடம் வந்ததும் கருவியை எடுத்துவிட்டு விரலை விட்டு அகலப்படுத்தவும். பிறகு பேப்பர் டவலால் பிடித்துக்கொண்டு, மேல்நோக்கி அல்லாமல் பாளத்தின் நீளவாக்கில் சாய்த்து இழுக்கவும். வெறும் கையால் பிடித்தால் வழுக்கும். நல்ல நாளில் ஒரே தாளாக வரும். பாதியில் கிழிந்தால் அடுத்த எலும்பின் நடுவில் மறுபடி அதே வேலை.

ஒன்றைக் கவனிக்கவும். இந்தச் சவ்வுக்கு அடியில் எலும்புகளையும் சதையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இன்னொரு மெல்லிய படலம் உண்டு. அதையும் சேர்த்துப் பிய்த்துவிட்டால் பாளம் உதிர்ந்துவிடும். சவ்வு போன பிறகு எலும்புகளுக்கு நடுவே ஈரமான சிவப்புச் சதை தெரிந்தால் போதும், நிறுத்திவிடலாம். சில கடைகளில் ஏற்கெனவே உரித்தே விற்கிறார்கள். உரித்ததை மறுபடி உரிக்கப் போய்ப் படலத்தைக் கிழித்துவிடாமல் இருக்க, முதலில் நகத்தால் சுரண்டிப் பார்க்கவும்.

கொழுப்பை எவ்வளவு சீவுவது? மேலே கெட்டியாகத் திரண்டிருக்கும் வெள்ளைக் கட்டிகள் போக வேண்டும், மூன்று மில்லிமீட்டர் படலம் இருக்கலாம். இந்தச் சூட்டில் கெட்டிக் கொழுப்பு முழுவதும் உருகாது. அதன்மேல் தூவிய மசாலா கொழுப்போடு நழுவிப் போய்விடும்.

உப்பையும் மசாலாவையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். எலும்போடு சேர்த்து ஒரு கிலோ பாளத்துக்கு 5 முதல் 6 கிராம் உப்பு. ஸ்பூன் கணக்கு வேண்டாம், உப்பின் பரல் அளவுக்கு ஏற்ப எடை மாறும், தராசில் நிறுக்கவும். முதல் நாள் இரவோ, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்போ தூவிக் குளிர்பெட்டியில் மூடாமல் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும். மசாலா மேற்பரப்பில்தான் நிற்கும், அதை எவ்வளவு நேரம் முன்பே தடவினாலும் ஆழமாக இறங்காது. அடுப்பில் ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு தூவினால் போதும். நான்கு மேசைக்கரண்டி பாப்ரிக்கா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்), நான்கு மேசைக்கரண்டி பிரவுன் சுகர், மிளகுத்தூள், பூண்டுத்தூள், வெங்காயத்தூள் தலா ஒரு மேசைக்கரண்டி, கடுகுத்தூளும் காரமான மிளகாய்த்தூளும் தலா ஒரு தேக்கரண்டி: மூன்று பாளத்துக்குக் காணும். சர்க்கரை கருகிவிடும் என்ற பயம் 120 டிகிரி செல்சியஸில் தேவையற்றது. கருகலுக்கு அதைவிட நல்ல சூடு வேண்டும். சூட்டு வளையத்துக்குள் போன முனை கருகுவதைப் பார்த்துத்தான் பலர் சர்க்கரைமேல் பழி போடுகிறார்கள்.

மசாலா ஒட்டுவதற்கு மெல்லிசாகக் கடுகு விழுது தடவுவது அமெரிக்க வழக்கம். வெந்த பிறகு அதன் சுவை தெரியாது. தண்ணீர் தெளித்தாலும் ஒட்டும்.

நெருப்புக்கு வருவோம், ஸ்மோக்கி மவுண்டன் தன் விலைக்கு நியாயம் செய்வது இங்கேதான். ஜிம் மினியன் என்ற பார்பிக்யூ போட்டியாளரின் பெயரால் வழங்கும் மினியன் முறையே இதற்குப் பொருத்தம். கரி வளையத்தில் முக்கால் அளவு பற்றவைக்காத பிரிக்கெட் கரி (தூளை அழுத்திச் செய்த கரிக்கட்டி), அதன்மேல் சிம்னியில் (கரியைப் பற்றவைக்கும் உலோகக் குழல்) சாம்பல் பூக்கும்வரை பற்றவைத்த 20 துண்டு. நெருப்பு மேலிருந்து மெல்லக் கீழிறங்கும். எல்லாக் கரியும் ஒரே நேரத்தில் பிடிக்காததால்தான் ஐந்தாறு மணி நேரம் சூடு நிற்கிறது. இந்த முறைக்கு உடனே பற்றிக்கொள்ளும் எண்ணெய் ஏற்றிய கரியைப் பயன்படுத்தவே கூடாது. புதிய கரி ஒவ்வொன்றாகப் பிடிக்கும்போதெல்லாம் மண்ணெண்ணெய் வாடை கறியில் ஏறும்.

முஷ்டி அளவு ஆப்பிள், செர்ரி அல்லது ஹிக்கரி விறகுத் துண்டு மூன்று போதும். இரண்டைக் கரியில் புதைத்து, ஒன்றை மேலே வைக்கவும். தண்ணீரில் ஊறவைப்பது வீண். கட்டைக்குள் தண்ணீர் இறங்குவதில்லை, மேற்பரப்பு ஈரம் ஆவியாகும்வரை புகைக்குப் பதில் நீராவிதான் வரும். பற்றவைத்ததும் வரும் அடர்ந்த வெள்ளைப் புகையில் கறியை வைக்க வேண்டாம். கசக்கும், நாக்கு மரத்துப்போகும். புகை மெலிந்து நீலம் பாய்ந்த பிறகு வைக்கவும்.

தண்ணீர்ச் சட்டியில் முக்கால் பங்கு வெந்நீர். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அதைச் சூடாக்கவே கரி செலவாகும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாது, அதனால் ஏறும் சூட்டை உறிஞ்சி ஆவியாக்கித் தள்ளிவிடுகிறது. தண்ணீரின் முதல் பயன் அதுதான், ஈரப்பதம் இரண்டாம் பட்சம். கை பழகியவர்கள் சட்டியைக் காலியாக வைத்து ஃபாயில் சுற்றி 135 டிகிரி செல்சியஸில் சமைக்கிறார்கள். கரி மிச்சமாகும், நேரமும் குறையும். ஆரம்பத்தில் தண்ணீரோடு இருப்பது பாதுகாப்பு.

மூடித் துளை எப்போதும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அதை மூடிச் சூட்டைக் குறைக்க நினைத்தால் பழைய புகை உள்ளே தேங்கிக் கறி புகைக்கரி வாடை அடிக்கும். கட்டுப்பாடு முழுவதும் அடியிலுள்ள மூன்று துளைகளில்தான். தொடக்கத்தில் மூன்றும் திறப்பு. 90 டிகிரி செல்சியஸைத் தொடும்போதே பாதி மூடல். 105-ஐ நெருங்கும்போது ஒவ்வொன்றும் கால் பங்கு திறப்பு. ஒரு மாற்றம் செய்தால் பதினைந்து நிமிடம் காத்திருக்கவும். ஏறிய சூட்டை இறக்குவது ஏற்றுவதைவிடப் பலமடங்கு சிரமம் என்பதால் கீழிருந்தே பிடிக்க வேண்டும். இலக்கு 107 முதல் 121 டிகிரி செல்சியஸ், அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் 225 முதல் 250 ஃபாரன்ஹீட் என்று இருக்கும்.

மூடியில் உள்ள தெர்மாமீட்டரை நம்பிச் சமைக்க வேண்டாம். அது குவிமாடத்தின் சூட்டைச் சொல்கிறது, கறி கிடப்பது தட்டில். இரண்டுக்கும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். பக்கத்தில் உள்ள ரப்பர் துளை வழியாக ஒரு மின்னணுத் தெர்மாமீட்டரின் கம்பியைவிட்டுத் தட்டின்மேல், கறியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும். அந்தத் துளையைக் கொடுத்தது நல்ல யோசனை. மூடிக்கு அடியில் கம்பியை நசுக்க வேண்டியதில்லை.

மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை இதை வாங்குபவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். திறந்ததும் தெர்மாமீட்டர் இறங்கும். ஆனால் கரிக்குக் காற்று ஏராளமாகக் கிடைத்துவிடும். மூடிய பத்து நிமிடத்தில் முன்பிருந்ததைவிடச் சூடு மேலே போகும். அரை மணிக்கு ஒருதரம் திறந்து ஆப்பிள் சாறு தெளிக்கும் வழக்கம் இந்தக் கருவிக்கு ஒத்துவராது. முதல் இரண்டு மணி நேரம் திறக்கவே வேண்டாம். அதன்பிறகும் வறண்ட இடம் தெரிந்தால் மட்டும் தெளிக்கவும்.

செயின்ட் லூயிஸ் பாளம் இந்தச் சூட்டில் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம், பேபி பேக் நான்கிலிருந்து ஐந்து. மூன்று மணி நேரம் சுற்றாமல், இரண்டு மணி நேரம் ஃபாயிலில் சுற்றி, ஒரு மணி நேரம் மறுபடி சுற்றாமல் என்ற 3-2-1 கணக்கு புகழ்பெற்றது. ஃபாயிலுக்குள் இரண்டு மணி நேரம் என்பது அதிகம். எலும்பிலிருந்து சதை கூழாக வழியும். சிலருக்கு அது பிடிக்கும், தவறில்லை. ஆனால் கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில் அப்படிக் கழன்று விழும் விலாவை அதிகமாக வெந்தது என்றே கணக்கிடுகிறார்கள். கடித்த இடம் மட்டும் சுத்தமாக வர வேண்டும், பல் அச்சு தெரிய வேண்டும். அந்தப் பதம் வேண்டுமென்றால், மேற்பரப்பு அடர்சிவப்பாகி நகத்தால் சுரண்டினாலும் மசாலா உதிராத நிலையில் சுற்றி, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். சதைப் பக்கம் கீழே, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சாறு. சுற்றாமலே முடிப்பதும் நல்ல வழிதான்: மேற்பூச்சு கெட்டியாக நிற்கும், நேரம் கொஞ்சம் கூடும்.

வெந்ததா என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். பாளத்தின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தை இடுக்கியால் பிடித்துத் தூக்கவும். மீதி தொங்கி வளைந்து மேற்பரப்பில் விரிசல் விழ வேண்டும். விறைப்பாக நின்றால் இன்னும் வேண்டும். முறிந்து விழுந்தால் தாண்டிவிட்டது. எலும்புகளுக்கு நடுவே பல்குச்சி தடையில்லாமல் இறங்கினாலும் சரி. பாதுகாப்புக்கு 63 டிகிரி செல்சியஸும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011-இல் பன்றிக் கறியின் முழுத் துண்டுகளுக்கு வரையறுத்தது. ஆனால் விலாவில் இருக்கும் கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புத் திசு உருகி மெத்தென்ற ஜெலட்டினாக அது பற்றாது, 90 முதல் 95 வரை போக வேண்டும். சாஸ் தடவுவதாக இருந்தால் கடைசி இருபது நிமிடத்தில். வெட்டுமுகத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு சேர்வதால் வருவது. பார்க்க அழகு, சுவையில் அதற்குப் பங்கில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது கதவு. மெல்லிய அலுமினியம் என்பதால் உருளையின் வளைவோடு பல சமயம் முழுதாகப் பொருந்துவதில்லை; ஓரத்தில் புகை கசியும், அதே வழியில் காற்றும் உள்ளே போகும். கையால் பதமாக வளைத்துச் சரிசெய்யலாம், சூடு தாங்கும் பட்டையும் ஒட்டலாம். இரண்டாவது, புதுக் கருவி சூடாகவே ஓடும். சுத்தமான எனாமல், கசியும் இணைப்புகள். நாலைந்து சமையலில் கொழுப்பும் புகையும் படிந்து இடைவெளிகளை அடைத்த பிறகுதான் தன் நிலைக்கு வரும். அதனால் முதல் சமையலுக்கு விலாவைப் போடாமல், தவறைத் தாங்கக்கூடிய பன்றித் தோள்கறியைப் போடுவது புத்திசாலித்தனம். மூன்றாவது, கீழ்த்தட்டில் உள்ளதை எடுக்க மேல்தட்டைக் கறியோடு தூக்கி வெளியே வைக்க வேண்டும். தெளிக்கவும் சாஸ் தடவவும் வேண்டிய பாளத்தை மேலே வையுங்கள். கீழே வெட்டிய குருத்தெலும்புத் துண்டுகள் கிடக்கட்டும்.

அந்தத் துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ரிப் டிப்ஸ் என்று இதற்கென்றே கடைகள் உண்டு. உப்பும் மசாலாவும் பாளத்துக்கு உள்ளது போலவே. நீளமாகவே புகையில் வேகவிட்டு, வெந்த பிறகு இரண்டு விரல் அகலத்தில் நறுக்கிச் சாஸில் புரட்டவும். முதலில் சீவி எடுத்த சதைப்பட்டை ஒன்றரை மணி நேரத்திலேயே வெந்துவிடும்; சமைப்பவருக்கு அதுதான் இடைப்பட்ட தீனி.

சாம்பலுக்குத் தனித் தட்டு கிடையாது. அடிக்கிண்ணத்திலேயே சேரும், அதிகமானால் காற்றுத் துளைகளை அடைக்கும். ஒவ்வொரு சமையலுக்கும் முன்பு பிரித்துக் கொட்ட வேண்டும், இதில் சோம்பல் கூடாது. வேலை முடிந்ததும் மேலும் கீழும் எல்லாத் துளைகளையும் மூடினால் கரி அணைந்துவிடும். மிஞ்சியதை அடுத்த முறை புதுக் கரியோடு கலந்துகொள்ளலாம். தண்ணீர்ச் சட்டியில் மிதக்கும் கொழுப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். ஆறவிட்டு உறைந்ததும் வழித்துக் குப்பையில் போடவும். தண்ணீரோடு அப்படியே மூடிவைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் சட்டியையும் தட்டுகளையும் கழுவிவிட்டு, கறி இல்லாமல் எல்லாத் துளைகளையும் திறந்து ஒரு சிம்னி கரியை எரியவிட்டு, ஆறியதும் உட்புறத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பாளத்தை வைக்க வேண்டும்.